இலை மஞ்சளானால் வேர்முடிச்சை வெட்டிப் பாருங்கள்: பயறுச் செடிகளில் உலோகக் குறைகளைக் கண்டறியும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெளிக்காட்டுக் கிராணியாகப் பணியாற்றிய காலத்திலும், ஓய்வுபெற்று ஊருக்குள் குடிவந்த பின்பும், என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "ஐயா, பயத்தங்காய் மஞ்சளடிக்கிறது, யூரியா போடலாமா?" கச்சான் என்று நாம் சொல்லும் நிலக்கடலைக்கும், மறுநடவு செய்த செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்றுகளுக்கு இடையே படரவிடும் பியூரேரியா, முக்குனா போன்ற மூடுபயிர்களுக்கும் இதே கேள்வி வருவதுண்டு. யூரியா போட்டால் இரண்டு வாரத்தில் பச்சை திரும்பும் என்பது உண்மை. ஆனால் இந்தச் செடிகள் காற்றிலிருந்தே தமக்கு வேண்டிய நைட்ரஜனைப் பெறக்கூடியவை. அவை மஞ்சளாகின்றன என்றால், வேரில் குடியிருந்து அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா எங்கோ தடைப்பட்டு நிற்கிறது என்று பொருள். எங்கள் வட்டாரத்துச் சிவந்த அமில மண்ணில் அந்தத் தடை பெரும்பாலும் ஓர் உலோகத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒன்று, வேண்டிய உலோகம் கிடைக்காமல் இருக்கும். அல்லது வேண்டாத உலோகம் மிகுந்திருக்கும்.

காற்றில் உள்ள நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் மும்மடிப் பிணைப்பால் இறுகக் கட்டப்பட்டுள்ளன. உரத் தொழிற்சாலையில் அந்தக் கட்டை அவிழ்க்க 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும், நாம் வாழும் காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவைப்படுகின்றன. அதே வேலையை நம் காலடி மண்ணின் வெப்பத்திலேயே செய்து முடிக்கும் நொதிக்கு நைட்ரோஜினேஸ் என்று பெயர். அதன் மையத்தில் 7 இரும்பு அணுக்களும், 9 கந்தக அணுக்களும், 1 மாலிப்டினம் அணுவும், அவற்றின் நடுவே 1 கரிம அணுவும் சேர்ந்த ஒரு சிறு கூடு உள்ளது. அந்த நடுக் கரிம அணு இன்னதென்று 2011-இல்தான் உறுதியானது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற பொருளின் 16 மூலக்கூறுகள் செலவாகின்றன. இத்தனை செலவில் நடக்கும் வேலை, மண்ணில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் ஓர் உலோகம் கிடைக்காததால் நின்றுபோகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வேலை: தோண்டுதல்

இலையை மட்டும் பார்த்து மருந்து சொல்பவரை நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விதைத்து ஐந்தாறு வாரம் ஆனபின், பூக்கும் பருவத்தை ஒட்டி, நன்றாக இருக்கும் செடி மூன்றும் மஞ்சளான செடி மூன்றும் தேர்ந்தெடுங்கள். செடியைப் பிடித்து இழுக்கக் கூடாது; இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும், "முடிச்சே இல்லை" என்ற தவறான முடிவுக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் சங்குலால் (மண்வெட்டியால்) வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு மண்ணைக் கரைத்தெடுங்கள். பின்பு ஒவ்வொரு செடியிலும் பத்து முடிச்சுகளைப் பிளேடால் குறுக்கே வெட்டி, உள்நிறத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். காற்று பட்டால் நிறம் மாறிவிடும்.

இங்கே ஒரு பெயர்க்குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். தமிழில் வேர்முடிச்சு என்ற ஒரே சொல் நல்ல பாக்டீரியா கட்டும் முடிச்சுக்கும் நூற்புழு உண்டாக்கும் வீக்கத்துக்கும் வழங்குகிறது. விரலால் தள்ளினால் வேரைவிட்டுத் தனியே கழன்று வருவது பாக்டீரியாவின் முடிச்சு. வேரே பருத்துப்போய், தள்ளினால் வேரின் தோலோடு சேர்ந்து பிய்வது நூற்புழுவின் வேலை. இரண்டாவதாகச் சொன்னதைக் கண்டால் இந்த வழிமுறை உங்களுக்குப் பயன்படாது. பயிரை மாற்றி நடுவதைப் பற்றி யோசியுங்கள்.

அறிகுறி: முடிச்சே கட்டவில்லை, அல்லது விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறது

அந்தப் பாத்தியில் அண்மையில் யூரியாவோ அதிகக் கோழி எருவோ போட்டீர்களா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்போது செடி தன் வேரில் பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பதில்லை. இது நோயன்று, உரம் தீர்ந்ததும் சரியாகும்.

உரம் போடவில்லை என்றால், வேர்நுனிகளைப் பாருங்கள். அவை குட்டையாகவும் தடித்தும் பழுப்பேறியும், நுண்ணிய கிளைகள் இல்லாமலும் இருந்தால் அலுமினியத்தைச் சந்தேகிக்க வேண்டும். மண்ணின் பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் மிகுதி) ஏறத்தாழ 5-க்குக் கீழே இறங்கும்போது களிமண்ணில் அடைபட்டுக் கிடக்கும் அலுமினியம் கரைந்து வெளிவருகிறது, வேர்நுனி வளர்ச்சி நிற்கிறது, வேர்த்தூவிகள் குறைகின்றன, செடியும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள அனுப்பும் வேதிச் செய்திகளும் பலவீனமடைகின்றன. பயத்தங்காயில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாகவே உள்ளே நுழைவதால் இந்தப் பாதிப்பு கடுமையானது. கச்சானிலோ பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடத்து வெடிப்பு வழியாக அது நுழைகிறது. அதனால்தான் கச்சானின் முடிச்சுகள் கிளைவேர்களின் அக்குளில் அமர்ந்திருக்கும். ஒரே பாத்தியில் பயத்தங்காய் படுத்துவிட்டபோதும் கச்சான் ஓரளவு தாங்கி நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளமான பாத்திகளில் அலுமினியத்தோடு மாங்கனீசும் சேர்ந்து தொல்லை தரும். முதிர்ந்த இலைகளில் சிறுசிறு பழுப்புப் புள்ளிகளும், இளம் இலைகளில் சுருக்கமும் தெரிந்தால் அது மாங்கனீசு மிகுதி. அதற்கு வடிகால் வெட்டுவதே முதல் மருந்து.

இரண்டுக்கும் பொதுவான மருந்து சுண்ணாம்புக்கல் தூள். கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளைத் தினமும் பார்த்தபடி வாழும் நமக்கு அது தூரத்துப் பொருள் அன்று. கடைகளில் ஜி.எம்.எல். என்று மூட்டையில் அச்சிட்டு வரும் மக்னீசியச் சுண்ணாம்புக்கல் தூளை, ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை, விதைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே தூவி மண்ணோடு கிளறிவிடுங்கள். 200 கிராம் என்பது ஹெக்டேருக்கு 2 டன் கணக்கு. வெற்றிலைக்குப் போடும் நீற்றிய சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது வேகம் மிக்கது. அளவு சற்று மீறினால் மண் மறுபக்கம் சாய்ந்துவிடும், அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

வேர்நுனி நலமாக இருந்தும் முடிச்சு இல்லாவிட்டால், மண்ணில் உரிய பாக்டீரியா இல்லாதிருக்கலாம். பியூரேரியா, பயத்தங்காய், கச்சான் ஆகிய மூன்றும் பெரும்பாலும் பிராடிரைசோபியம் என்ற ஒரே முடிச்சுப் பாக்டீரியாக் கூட்டத்தைப் பகிர்ந்துகொள்பவை. ஆகவே முன்பு மூடுபயிர் படர்ந்திருந்த தோட்ட நிலத்தில் இந்தக் குறை அரிது. சோயாவுக்குப் பெரும்பாலும் அதற்கென்று உள்ள பாக்டீரியாவையே விதையோடு சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும்போது செம்புப் பூசணக்கொல்லி தடவிய விதையைப் பயன்படுத்தினால் சேர்த்த பாக்டீரியா முளைக்கு முன்பே மடிந்துவிடும்.

அறிகுறி: முடிச்சுகள் நிறைய உள்ளன, வெட்டினால் உள்ளே வெள்ளை அல்லது மங்கிய சாம்பல், கீழ் இலைகள் முதலில் வெளிறுகின்றன

எங்கள் பக்கத்தில் நான் அதிகம் கண்டது இதைத்தான். செடி முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் கட்டிக்கொண்டே போகும். வேரைப் பார்ப்பவருக்கு மகிழ்ச்சியாகக்கூட இருக்கும். ஆனால் உள்ளே வேலை நடக்கவில்லை. நைட்ரஜன் வந்து சேராததால், பசித்த செடி மேலும் மேலும் முடிச்சுகளைக் கட்டி முயல்கிறது. இந்த அறிகுறியில் முதலில் நினைக்க வேண்டியது மாலிப்டினம்.

நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியாவுக்கு இந்த உலோகம் வேண்டும் என்பதை 1930-இல் போர்ட்டல்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், மண்ணில் தனித்து வாழும் அசட்டோபேக்டர் பாக்டீரியாவைக் கொண்டு காட்டினார். வயலில் அதன் விளைவை 1942-இல் தென் ஆஸ்திரேலியாவில் ஆண்டர்சன் என்பவர் கண்டார். மேய்ச்சல் நிலத்து மணப்புல் (குளோவர் என்ற பயறினத் தீவனச் செடி) தளர்ந்து கிடந்த இடத்தில் சிறிதளவு மாலிப்டினம் தூவியதும் அது செழித்தது. அங்கும் மண் அமிலத்தன்மை கொண்டதுதான்.

நம் மண்ணில் மாலிப்டினம் அறவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மண்ணைச் சிவப்பாக்கும் அதே இரும்பு ஆக்சைடுகள், அமில நிலையில் மாலிப்டேட்டை, அதாவது மாலிப்டினம் மண்நீரில் கரைந்திருக்கும் வடிவத்தை, பற்றிக்கொண்டு விட மறுக்கின்றன. பி.எச். ஓர் அலகு உயர்ந்தால் மண்நீரில் கரைந்திருக்கும் மாலிப்டேட் கோட்பாட்டளவில் ஏறத்தாழ நூறு மடங்கு உயரும். இரும்பு, துத்தநாகம், செம்பு ஆகியவை சுண்ணாம்பிட்டால் குறைகின்றன. மாலிப்டினம் மட்டும் கூடுகிறது. எனவே சுண்ணாம்பு போட்டதும் பயிர் பச்சையானதைக் கண்டு, "சுண்ணாம்புச்சத்துக் குறை இருந்தது" என்று பலர் முடிவு செய்கிறார்கள். உண்மையில் பூட்டியிருந்த மாலிப்டினம் திறந்துகொண்டிருக்கலாம். அதேபோல், தோட்டங்களில் நெடுங்காலம் போட்டுவரும் அம்மோனியம் சல்பேட் உரம் இந்தக் குறையை இருவழியில் மோசமாக்குகிறது: மண்ணை மேலும் அமிலமாக்குகிறது, வேர் உறிஞ்சும் வாயிலில் சல்பேட் மாலிப்டேட்டோடு போட்டியிடுகிறது.

அசட்டோபேக்டருக்கு ஒரு மாற்று வழி உண்டு. மாலிப்டினம் கிடைக்காதபோது வனேடியத்தைக் கொண்டோ இரும்பை மட்டும் கொண்டோ இயங்கும் வேறு நைட்ரோஜினேஸ்களை அது கட்டிக்கொள்ளும். அவற்றின் திறன் குறைவு, ஆயினும் பிழைத்துக்கொள்ளும். பயறுச் செடிகளின் வேரில் வாழும் ரைசோபியம் இனங்களுக்குப் பொதுவாக அந்த வசதி கிடையாது. மாலிப்டினம் இல்லையேல் வேலை இல்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை செய்யுங்கள். மஞ்சளான பாத்தியில் மூன்று பட்டைகளைக் குறியுங்கள். முதல் பட்டைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா இடுங்கள். இரண்டாவதற்கு, 10 லிட்டர் நீரில் 5 கிராம் சோடியம் மாலிப்டேட் கரைத்து, மாலை வேளையில் இலை நனையத் தெளியுங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். இரண்டு வாரம் கழித்து யூரியாப் பட்டையும் மாலிப்டினப் பட்டையும் பச்சையாகியிருந்தால் குறை மாலிப்டினமே. யூரியாப் பட்டை மட்டும் பச்சையானால், நைட்ரஜன் கிடைக்கவில்லை என்பது உறுதி, ஆனால் காரணம் வேறு. திறனற்ற பாக்டீரியா குடியேறியிருக்கலாம், அல்லது கடைசியில் சொல்லும் நச்சு உலோகங்கள் இருக்கலாம். யூரியாவாலும் பச்சையாகாவிட்டால் இது நைட்ரஜன் பிரச்சினையே அன்று. பொட்டாசியம், மக்னீசியம், கந்தகம், வைரசு நோய் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

அளவில் மிகுந்த கவனம் தேவை. ஹெக்டேருக்கு 50 முதல் 100 கிராம் மாலிப்டினமே போதும். சோடியம் மாலிப்டேட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு மாலிப்டினம் உள்ளது. வீட்டின் பின்னே உள்ள 10 சதுர மீட்டர் பாத்திக்கு மேலே சொன்ன கரைசலில் அரை லிட்டர் தெளித்தால் கால் கிராம் உப்பு விழும், அதுவே மேல்வரம்பு. மீந்த கரைசலை வீணாக்கக் கூடாதென்று அதே பாத்தியில் ஊற்றாதீர்கள். அதிக மாலிப்டினம் ஏறிய தழையைத் தின்னும் மாடுகளுக்குச் செம்புச்சத்து உடலில் சேராமல் போய், கழிச்சலும் மெலிவும் வரும். செம்பனைக் காட்டில் மாடு மேய்ப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் மாடுகள் வேலி பார்த்து மேய்வதில்லை.

இன்னொன்று, நானே செய்த தவற்றிலிருந்து கற்றது. ஒருமுறை சோயா விதைக்குப் பாக்டீரியாத் தூளையும் மாலிப்டேட் உப்பையும் ஒரே கூழில் கலந்து பூசி, மறுநாள் விதைத்தேன். முளைப்பு நன்றாக இருந்தது. முடிச்சு ஒன்றுகூடக் கட்டவில்லை. செறிந்த உப்பு பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது. விதைக்குப் பாக்டீரியாவை மட்டும் பூசுங்கள், நுண்ணிய பாறைப் பாஸ்பேட் தூளில் புரட்டி உடனே விதையுங்கள். மாலிப்டினத்தை மூன்று நான்கு வாரம் கழித்து இலைவழி கொடுங்கள்.

அறிகுறி: இளம் இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன, முடிச்சுகள் சிறுத்து, உட்புறச் சிவப்பு மிக மெலிந்துள்ளது

இது இரும்புக் குறை. நலமான முடிச்சின் உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு நிறம் லெகிமோகுளோபின் என்ற புரதத்தினுடையது. நம் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினின் உறவு அது, 1939-இல் குபோ என்ற ஜப்பானிய அறிஞர் அதை அடையாளம் கண்டார். நைட்ரோஜினேஸ் ஆக்சிஜன் பட்டால் அழியும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்த முரணை லெகிமோகுளோபின் தீர்க்கிறது: ஆக்சிஜனைத் தன் இரும்பில் பற்றிக்கொண்டு, தேவைக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. நைட்ரோஜினேசும் இரும்பை நிறையக் கேட்கிறது. அதன் பெரிய புரதம் ஒன்றில் மட்டும் 2 மாலிப்டினம் அணுக்களுக்கு 30 இரும்பு அணுக்கள் உள்ளன.

சிவந்த மண்ணில் இரும்புக் குறையா என்று வியக்க வேண்டாம். சுண்ணாம்பை அளவுக்கு மீறிக் கொட்டிய பாத்திகளிலும், சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்துத் தோட்டங்களிலும், பழைய ஈய லம்பத்தின் (வெள்ளீயச் சுரங்கத்தின்) வெண்மணலிலும் இது வருகிறது. கச்சான் இதற்கு மிகவும் இடம்கொடுக்கும் பயிர். சுண்ணாம்பை உடனே நிறுத்துங்கள். அரை விழுக்காடு இரும்புச் சல்பேட் கரைசலை வாரம் ஒருமுறை என இரண்டு மூன்று முறை இலையில் தெளியுங்கள். மட்கிய எருவைத் தாராளமாகச் சேருங்கள். கார மண்ணில் இரும்புச் சல்பேட்டை வேரடியில் கொட்டுவது பயனற்றது. மண் அதை உடனே துருவாக்கிவிடும்.

அறிகுறி: உட்புறம் பச்சை அல்லது பழுப்பு

லெகிமோகுளோபின் சிதைந்துவிட்டது, முடிச்சு மூப்படைந்துவிட்டது. காய் முற்றும் பருவத்தில் இது இயல்பு. பூக்கும் முன்பே கண்டால் நீர்த்தேக்கம், வறட்சி, அல்லது நிழல் காரணம்; செம்பனை ஓலைகள் கூடி நிழல் இறுகும்போது மூடுபயிரில் இதைத்தான் காண்பீர்கள். உலோகத்தால் தீர்க்கக்கூடியது அன்று.

அறிகுறி: எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனால் மணல் நிலத்தில் முடிச்சுகள் குறைவாகவும் சிறியதாகவும் உள்ளன

லம்பத்து மணலில் பயிரிடுபவர்கள் கோபால்ட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பி12 வைட்டமினின் நடுவில் இருக்கும் உலோகம் இது. ரைசோபியம் பெருகுவதற்கு அந்த வைட்டமின் வேண்டும். காற்று நைட்ரஜனை நம்பி வளரும் சோயாவுக்குக் கோபால்ட் தேவை என்பது 1960-ஐ ஒட்டிய ஆய்வுகளில் தெளிவாயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் மணல் நிலத்து லூப்பின் பயிரில் அந்தக் குறை வயலிலேயே காணப்பட்டது. இதற்கெனத் தனி உப்பு வாங்கித் தெளிக்க நான் சொல்ல மாட்டேன். தேவை மிக மிகச் சிறியது. நன்கு மட்கிய சாணமும் களிமண் கலந்த மேல்மண்ணும் அதைக் கொண்டுவந்துவிடும். நைட்ரஜன் வேலையின்போது வீணாகும் ஹைட்ரஜனை மீட்கும் நொதிக்கு நிக்கல் வேண்டும். அதற்கு வெளியே தெரியும் அறிகுறி கிடையாது.

தெலுக் இந்தான் பக்கம், தாவரக் கழிவு மட்கிக் குவிந்த கரிய சதுப்பு நிலத்தில் பயிரிடும் உறவினர்கள் இருந்தால், அங்கே செம்பைப் பாருங்கள். அந்த மண்ணின் மட்கு செம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். முடிச்சின் உள்ளே ஆக்சிஜன் அருகியிருக்கும் நிலையிலும் பாக்டீரியா மூச்சுவிட உதவும் நொதியில் இரும்போடு செம்பும் இருக்கிறது. அது இல்லையேல் ஏடிபி பிறக்காது.

அறிகுறி: வீட்டுக்கு அருகில் ஒரு வரிசை மட்டும் ஆண்டுதோறும் மஞ்சளாகிறது, எந்த மருந்தும் கேட்கவில்லை

இடத்தைப் பாருங்கள். பழைய லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) துத்தநாகம் பூசிய தகரக் கூரைத் தாழ்வாரத்தின் கீழே அந்த வரிசை உள்ளதா? ஒவ்வொரு மழையிலும் கூரைநீர் துத்தநாகத்தைக் கரைத்துக் கொண்டுவந்து அதே கோட்டில் ஊற்றுகிறது. செம்புப் பூசணக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் தெளித்த மிளகாய்ப் பாத்தியா? வண்டி பேட்டரி உடைத்த இடமா, மின்கம்பி எரித்த இடமா? செடி தாங்கிக்கொள்ளும் அளவு உலோகத்தையும் மண்ணின் பாக்டீரியா தாங்காது. இங்கிலாந்தின் வோபர்ன் ஆய்வுப் பண்ணையில் 1942 முதல் 1961 வரை நகரக் கழிவுச் சேறு இட்ட நிலத்தில், இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்பும், மணப்புல்லின் வேரில் முடிச்சு கட்டியும் நைட்ரஜன் நிலைநிறுத்தாத பாக்டீரியாவே எஞ்சியிருந்தது. துத்தநாகம், காட்மியம் முதலிய உலோகங்கள் அம்மண்ணில் தங்கிவிட்டன.

தாழ்வாரத்துக் கோடு என்றால் நீர்த்தாரை அமைத்து நீரை வேறிடம் திருப்பி, பி.எச். அளவை 6-ஐ ஒட்டி உயர்த்தி, எருவைச் சேர்த்து, அடுத்த பருவத்தில் புதிய பாக்டீரியாவோடு விதைத்துப் பாருங்கள், பி.எச். ஏற ஏறத் துத்தநாகமும் செம்பும் மண்ணில் இறுகும். பேட்டரி உடைத்த மண்ணில் ஈயம் இருக்கும். சுண்ணாம்பு அதை அகற்றாது, கீரையும் கிழங்கும் மண்ணோடு அதை வீட்டுக்குள் கொண்டுவரும். அங்கே உணவுப் பயிர் எதையும் வைக்காமல், மேல்மண் பறக்காதபடி புல்லால் மூடி, குழந்தைகள் விளையாடாதபடி வேலியிடுங்கள். மற்ற பாத்திகளில் மருந்திட்ட பின் மீண்டும் தோண்டி, முன்பு குறித்த நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.